சின்னப் பிள்ளை வீட்டில் பயமும் பரவசமும்: பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசாங்க கிளினிக்கில் தாய்சேய்ப் பகுதியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு ஆயர் ஈத்தாம் பக்கம், பிளாட்டில். மின்தூக்கியில் பார்த்தாலும் கோயிலில் பார்த்தாலும் கல்யாணப் பந்தியில் பார்த்தாலும் கைப்பிள்ளைக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஆட்கள் பயப்பட வேண்டாததற்கெல்லாம் ராத்திரி தூங்காமல் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதைச் சாமி அறையிலும் மோட்டார் சைக்கிளின் முன்கூடையிலும் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை பிறந்து நான்கு நாள். உடம்பு மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார் மாமியார். சரியா?

போதாது. மஞ்சள் காமாலை பாதிப் பிள்ளைகளுக்கு மேல் வருவதுதான். பிறந்த பிள்ளையின் பழைய சிவப்பணுக்கள் உடைகின்றன, அதைக் கழித்துவிடும் அளவுக்கு ஈரல் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆனால் அளவு மீறிப் போனால் மூளையைத் தாக்கும், அந்தச் சேதம் திரும்பாது. தோலைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. நம் கருத்த பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். அதனால்தான் மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்ப்பதும், குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதும். பிள்ளை வீறிட்டு அழும், பார்க்கும் பாட்டியும் அழுவார். அதற்காகப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். வெயிலை அளந்து கொடுக்க முடியாது, மருத்துவமனையின் நீல விளக்கை முடியும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது அவசரம். 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ கட்டாயம் காட்ட வேண்டும்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே ‘ஜி6பிடி’ குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது) இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். இருந்தால் பாச்சை உருண்டை வாசமே ஆகாது. இரத்த அணுக்கள் மளமளவென்று உடையும். மூத்தவனின் சட்டைகளைப் பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருப்பீர்கள், தம்பி பிறந்ததும் ஆசையாக எடுத்துப் போடுவீர்கள். அந்தப் பெட்டியைப் பிள்ளை இருக்கும் அறையில் திறக்கவே வேண்டாம்.

சேனை வைக்கலாமா? வசம்பு, ஓமத் தண்ணீர், கண்மை?

தேன் ஒரு வயது வரை வேண்டாம், நாக்கில் ஒரு தொடுதல் கூட. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பெரியவர் வயிற்றில் ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே நிற்கலாம். தாத்தா கையால்தான் சேனை வைக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால், அவர் விரலில் தாய்ப்பால் ஒரு சொட்டு விட்டுத் தொடச் சொல்லுங்கள். சடங்கும் நடந்துவிடும்.

ஆறு மாதம் வரை பால் மட்டும். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம், கையில் வளையலாகக் கட்டுவதும் வேண்டாம். நூல் இற்றால் துண்டு வாய்க்குள் போகும். மை கண்ணுக்குள் வேண்டாம். கன்னத்திலோ உள்ளங்காலிலோ பெரிதாக ஒரு பொட்டு வையுங்கள், அழகாகவும் இருக்கும்.

ராத்திரி ஒரே அழுகை. ‘பயந்திருக்கு’, ‘உரம் விழுந்திருக்கு’ என்கிறார்கள்.

பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, காய்ச்சல் இல்லை, ஆனால் சாயங்காலம் ஆனால் முகம் சிவக்க அழுகிறது என்றால் அது அந்த வயதின் அழுகை. ஆறு வார வாக்கில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். கோயிலில் விபூதி போடுவதிலோ, லெபோ சூலியா நாகூர் தர்காவில் போய் ஓதிக்கொண்டு வருவதிலோ எனக்கு ஆட்சேபம் இல்லை. போய் வருகிற நடையில் பிள்ளையும் தூங்கும், உங்களுக்கும் காற்று வாங்கினது போல் இருக்கும். ஆனால் மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் எங்கும் நிற்காமல் நேராக மருத்துவமனை. அந்த வயதில் காய்ச்சலுக்குக் காத்திருந்து பார்ப்பது என்பதே கிடையாது.

உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அந்தக் கழுத்து தலையின் கனத்தையே தாங்காது. ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதே பேச்சுதான்: மெதுவாக மேலும் கீழும் ஆடினால் சரி, அழுகை நிற்கவில்லை என்ற எரிச்சலில் பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். எரிச்சல் வருவது பாவம் இல்லை. பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

தூங்க வைக்கும்போது எப்போதும் மல்லாக்க. திடுக்கிடாமல் இருக்க நெஞ்சின் மேல் பச்சைப்பயிற்று உமித் தலையணை வைக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. அது நகர்ந்து மூக்கை மூடும். எடுத்துவிடுங்கள்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை மிஸ்ஸி. எனக்குத்தான் சும்மா சும்மா அழுகை வருகிறது.

முதல் இரண்டு வாரம் பெரும்பாலானவர்களுக்கு வரும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் போல் இருக்கிறது என்றால் அது நோய், மருந்தும் உண்டு. கிளினிக்கில் பிள்ளைக்கு ஊசி போடப் போகும்போதே சொல்லுங்கள். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள். அப்பாமார்களே, அந்த ஏழு நாளும் வந்தவர்களுக்குத் தேநீர் கலக்க இல்லை. ராத்திரி ஒரு வேளைப் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தூங்க விடுங்கள். பத்தியத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும். பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் சாப்பிடுங்கள், தாராளமாக.

தடுப்பூசி அட்டவணை சுருக்கமாக?

பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜியும் ஈரல் அழற்சி பி ஊசியும். ஆறு நோய்க்கு ஒரே ஊசி 2, 3, 5 மாதங்களில், பிறகு 18 மாதத்தில். நிமோகோக்கல் 4, 6, 15 மாதங்களில். தட்டம்மை, புட்டாலம்மை, ருபெல்லா சேர்ந்தது 9, 12 மாதங்களில். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் காசு இல்லை. பிசிஜி போட்ட இடது கையில் சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி வந்து சீழ் வைக்கும். பிதுக்காதீர்கள், மருந்து தடவாதீர்கள், தானாகக் காய்ந்து தழும்பாகும். அது வரத்தான் வேண்டும்.

காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு வயதைச் சொல்லிப் பதில் வாங்காதீர்கள், எடையைச் சொல்லுங்கள். பாராசிட்டமோல் ஒரு கிலோவுக்கு ஒரு தடவை 10 முதல் 15 மில்லிகிராம். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு புட்டி, சிவப்பில் ஒரு புட்டி, போன மாதம் கிளினிக்கில் கொடுத்தது ஒன்று, அதற்கு முந்தினது ஒன்று இருக்கும். ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முதல் புட்டியில் 6 மில்லி போகும். அதே 6 மில்லியை இரண்டாம் புட்டியிலிருந்து ஊற்றினால் அளவு இரட்டிப்பு. அம்மா ஒரு புட்டி, பாட்டி ஒரு புட்டி என்று கொடுக்கும் வீடுகளில் இது நடக்கிறது. ஒரு புட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிடுங்கள். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

அப்புறம், கிளினிக்கில் காய்ச்சல் அதிகமாக இருந்தால் பின்பக்கம் மருந்து வைத்து அனுப்புவார்கள். அதுவும் பாராசிட்டமோல்தான். வீட்டுக்கு வந்த கையோடு புட்டி மருந்தையும் ஊற்றினால் இரண்டு வேளை மருந்து ஒன்றாகப் போகிறது. வைத்த நேரத்தைக் கேட்டு, அதிலிருந்து கணக்கு வையுங்கள்.

மருந்து கொடுப்பது பிள்ளையின் சோர்வுக்காக, கருவியில் தெரியும் எண்ணுக்காக இல்லை. 39 டிகிரியில் ஓடி விளையாடும் பிள்ளையைவிட 38 டிகிரியில் கண் திறக்காமல் கிடக்கும் பிள்ளைதான் கவலைக்குரியது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் என்ன செய்வது? வெங்காயம் வைக்கலாமா, சாவி கொடுக்கலாமா?

100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்கு, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், ஒரு தடவையாவது வரும். கண் மேலே செருகும், பல் கிட்டித்துக்கொள்ளும், கை கால் வெட்டி இழுக்கும், உதடு நீலம் பாயும். போய்விட்டது என்றே நினைப்பீர்கள். அப்படி இல்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும், மூளைக்குச் சேதம் கிடையாது.

கீழே, தரையில், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், இதுதான் யாரும் செய்யாதது, இதுதான் டாக்டர் முதலில் கேட்பது. வாய்க்குள் எதுவும் போடக் கூடாது: கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதுவும். நாக்கை விழுங்கிவிடுவான் என்பது கட்டுக்கதை. கரண்டியால் உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போவது நிஜம். சாவியையும் வெங்காயத்தையும் பிடித்துக்கொண்டிருந்தால் கை கால் பிடித்து அமுக்குவதற்கு ஆள் குறையும், அந்த ஒரு நன்மை உண்டு. அமுக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 999 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் நின்றாலும், முதல் தடவை என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். மூளைக் காய்ச்சல் இல்லை என்று அவர்கள் உறுதி செய்ய வேண்டும்.

டெங்கியா என்று எப்போது சந்தேகப்படுவது?

சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால், பக்கத்து மாடியில் ஒருவருக்கு வந்திருந்தால், பிளாட்டுக்குக் கீழே புகை அடித்துப் போயிருந்தால், முதல் நாளே இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்று நாள் நெருப்பாய் அடித்த காய்ச்சல் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ இறங்கும். ‘அப்பாடா, விட்டது’ என்று பிள்ளைக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுப்பார்கள், அம்மா வேலைக்குப் போய்விடுவார். டெங்கியில் ஆபத்தான கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும் அடுத்த 24 முதல் 48 மணி நேரம் அது. காய்ச்சல் விட்டபின் பிள்ளை விளையாட ஆரம்பித்தால் சரி. காய்ச்சல் விட்டும் துவண்டு கிடந்தால், வயிறு வலிக்கிறது என்றால், வாந்தி நிற்கவில்லை என்றால், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வந்தால், கை கால் சில்லிட்டால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் உடனே மருத்துவமனை.

இபுபுரோஃபன் வேண்டாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது. இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு? கசப்பில் பிள்ளை வாந்தி எடுக்கும், உள்ளே இருக்கும் நீரும் போய்விடும். கஞ்சித் தண்ணீர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டில் கொசு எங்கே என்று கேட்டால் எல்லாரும் லோங்காங்கை, அதாவது சாக்கடைக் கால்வாயை, காட்டுகிறார்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும்: பூச்சாடி, குளிர்பெட்டியின் பின்தட்டு, சாமி அறைச் செம்பு.

தாஸ்காவில் (பிள்ளைக் காப்பகத்தில்) கை, கால், வாய்ப்புண் நோய் வந்திருக்கிறது. என் பிள்ளைக்கு இன்னும் வரவில்லை, அனுப்பலாமா?

தாஸ்கா மூடாமல் இருந்தால் அது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால் வீட்டில் ஆள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வந்துவிட்டால் ஒரு வாரம் பத்து நாள் அனுப்பக் கூடாது, சட்டப்படியும் டாக்டர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது. வாய்ப்புண்ணால் சாப்பிடாது, குளிர்ந்த தயிர், ஐஸ்கிரீம், இரண்டும் கொடுக்கலாம். (ஆமாம், ஐஸ்கிரீம். இந்த நோயில் பிள்ளைகளுக்கு ஒரே ஆறுதல் அதுதான்.) கைக்கழுவும் ஜெல் இந்தக் கிருமிக்குச் சரிவராது, சோப்பும் தண்ணீரும்தான். 1997இல் சரவாக்கில் இதன் ஒரு வகைக் கிருமி பல பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. தூக்கத்தில் தூக்கித் தூக்கிப் போடுவது, தள்ளாடி நடப்பது, வேக மூச்சு, ஓயாத வாந்தி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் எதை முதலில் உயரத்தில் வைக்க வேண்டும்?

சூடம். கத்தியையும் குளோரோக்ஸையும் எல்லாரும் ஏற்கெனவே மேலே வைத்துவிட்டார்கள். சூடம் மட்டும் சாமி படத்துக்குக் கீழே, பிள்ளையின் கை எட்டும் தட்டில், வெள்ளை மிட்டாய் போல் திறந்தே கிடக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு சின்னக் கட்டியைத் தின்றாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் ஊற்றாதீர்கள், பொட்டலத்தோடு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கோடாலித் தைலம், மற்றத் தைலங்களிலும் இதன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். சளி என்று கைக்குழந்தையின் மூக்கில் தடவாதீர்கள்.

அடுத்தது பொத்தான் பேட்டரி. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்கு வாங்கும் மின்னும் பொம்மையில் அதன் மூடிக்குத் திருகாணி கூட இருக்காது. விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் பொத்தலிடத் தொடங்கும். நாணயத்தைப் போல் ‘வெளியே வந்துவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது.

தின்னரையும் விளக்கெரிக்கும் எண்ணெயையும் குடிதண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை எதையாவது குடித்துவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது என்றால் தேசிய நச்சு மையத்தைக் கூப்பிடலாம்: 1-800-88-8099. நம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது. மயக்கமோ வலிப்போ மூச்சுத்திணறலோ இருந்தால் அங்கே பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, 999.

தொண்டையில் சிக்கிவிட்டால்?

ரம்புத்தான், லங்சாட் காலத்தில் இந்தக் கேள்வி கூடும். வழவழப்பான கொட்டை, நழுவி நேரே உள்ளே போகும். ஐந்து வயது வரை கொட்டை எடுத்துப் பிய்த்துக் கொடுங்கள்; திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள்; நிலக்கடலை முழுதாக வேண்டாம்.

இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள், முதுகில் தட்டாதீர்கள். சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து திணறினால்தான் அடைப்பு. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்வாக, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. திருப்பி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பெரிய பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே மடக்கிய கை முட்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக இழுத்து அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தோண்டாதீர்கள், இன்னும் ஆழமாகப் போகும். இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன, பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சுடுதண்ணீர் கொட்டிவிட்டது. பற்பசை தடவலாமா?

வேண்டாம். கிச்சாப்பும் (சோயா சாஸ்) வேண்டாம், மையும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். இருபது நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட ரொம்ப நீளம்.

பிளாட்டில் பதினோராம் மாடி. ஜன்னல் கம்பி போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

வேறு வீடு பாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை, வாடகை விற்கும் விலையில் அது முடியாது. ஜன்னல் ஓரம், பால்கனி ஓரம் கட்டில், நாற்காலி, துணிக்கூடை எதுவும் வைக்காதீர்கள். ஏறுவதற்கு ஒன்று கிடைத்தால் இரண்டு வயதுப் பிள்ளை ஏறும். ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காதபடி சங்கிலி மாட்டலாம். தூங்கும் பிள்ளையை விட்டுவிட்டுக் கீழே கடைக்கு இறங்காதீர்கள். பிள்ளை முழித்ததும் அம்மாவைத் தேடிப் போகும் இடம் ஜன்னல்தான். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி பார்க்க ஆளின்றி விட்டுப் போவதே குற்றம்.

காரில் பிள்ளை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். ‘மடியில்தான் சமர்த்தாக இருக்கிறான்’ என்பார்கள். மோதினால் எந்த அம்மாவின் கையும் தாங்காது. மோட்டாரின் முன்னால் பிள்ளையை நிற்க வைத்து ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் போகும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

நல்ல தாஸ்காவை எப்படிக் கண்டுபிடிப்பது?

சமூக நல இலாகாவின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா பாருங்கள். நான்கு பிள்ளைகள் இருந்தாலே, வீட்டில் நடத்தினாலும், பதிவு வேண்டும். ஒரு வயதுக்குள் மூன்று பிள்ளைக்கு ஒரு ஆள், மூன்று வயதுக்குள் ஐந்து பிள்ளைக்கு ஒரு ஆள் என்பது கணக்கு. சுவரில் வரைந்த யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்த்து மயங்க வேண்டாம். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரம் பார்த்துச் சொல்லாமல் போய் நில்லுங்கள். உள்ளே விட மறுத்தால் வேறு இடம். விட்டால், தூங்கும் அறையில் ஆள் இருக்கிறாரா, கைக்குழந்தைகள் மல்லாக்கக் கிடக்கிறார்களா, பால் புட்டியில் பேர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பிள்ளை சாயங்காலம் அந்த அக்காவின் கையிலிருந்து உங்களிடம் வர அழுதால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

வீட்டில் தமிழ், தாஸ்காவில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். இதனால்தான் பேச்சு வரவில்லையா?

இல்லை. பல மொழி பேச்சைத் தாமதப்படுத்தாது. ‘அம்மா, நாக் பால், கோல்டு வேண்டாம்’ என்று மூன்றையும் ஒரே வரியில் கலப்பதுதான் இந்த ஊர்ப் பிள்ளைகளின் அழகு, நான்கைந்து வயதில் யாரிடம் எதைப் பேசுவது என்று தானே பிரித்துக்கொள்வார்கள். உங்களுக்கு எது சரளமோ அதில் பேசுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பயந்து அரைகுறை ஆங்கிலத்தில் பேசினால் பிள்ளைக்கு அரைகுறைதான் கிடைக்கும்.

எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை. ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் ‘அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்ற சமாதானத்தை நம்பி உட்காராதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். கைப்பேசி இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம், அதற்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. தாத்தாவோடு வீடியோவில் பேசுவதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டான். இப்போது வாயே திறப்பதில்லை, ஒல்லியாகிவிட்டான்.

முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. அதே வேகத்தில் வளர்ந்தால் மூன்று வயதில் அப்பாவைத் தூக்கிவிடுவான். வளர்ச்சி மெதுவானதும் பசியும் குறைகிறது, அவ்வளவுதான். கிளினிக் புத்தகத்தில் இருக்கும் கோட்டைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்காதீர்கள். சாப்பிடவில்லையே என்று புட்டியில் மைலோ கலந்து படுக்கையில் கொடுப்பதுதான் ஆபத்து: வயிறு இனிப்பால் நிறைந்து பசி போகும், மேல்வரிசை முன்பற்கள் கறுத்து அரிக்கும். கெட்டிப்பால் பிள்ளைக்குப் பாலே இல்லை.

முதல் தைப்பூசம். நான்கு மாதப் பிள்ளை. கரும்புத் தொட்டில் கட்டுவதாக வேண்டுதல்.

தாராளமாகக் கட்டுங்கள். சீலைக்குள் கிடந்து பிள்ளை கண்ணை உருட்டிப் பார்ப்பதும், முன்னால் மாமா, பின்னால் அப்பா, நடுவில் கரும்பு என்று குடும்பமே ஒரு வரிசையாக நகர்வதும் பார்க்கப் பார்க்க அலுக்காது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி, விடிவதற்கு முன் ஏறிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு கூட்டத்தின் சூட்டில் கைக்குழந்தை வாடிவிடும். தொட்டில் தூக்குபவர்கள் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரமாக இருக்கட்டும், கீழ்ப்படியில் நிற்பவர் உயரமானவராக இருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்காதீர்கள். நமக்கே நெஞ்சு அதிரும், அந்தக் காது என்னவாகும்? தைப்பூசத்துக்கு முந்தின நாள், ரதம் போகும் செட்டிப் பூசத்தன்று, நடக்கும் வயதுப் பிள்ளைக்குக் கட்டாயம் செருப்புப் போடுங்கள். சாலை முழுக்க உடைத்த தேங்காய் ஓடு. கையில் கைப்பேசி எண்ணை எழுதி விடுங்கள். மொட்டை அடிப்பதாக இருந்தால் புது பிளேடு போடச் சொல்லி, போடுவதைக் கண்ணால் பாருங்கள்.

அதிகம் காசு செலவில்லாமல் பிள்ளையை எங்கே கூட்டிப் போகலாம்?

சாயங்காலம் பாடாங் கோத்தா கடற்கரை, காற்றும் புல்லும் போதும். அக்கரைக்கு ஃபெர்ரி: இறங்கியதும் அடுத்த ஃபெர்ரியில் திரும்பி வாருங்கள், பிள்ளைக்கு அது வெளிநாட்டுப் பயணம். மழை பெய்தால் பிளாட்டுக்குக் கீழே கொஞ்சம் நனைய விடுங்கள், மழையால் சளி பிடிக்காது. லோங்காங்கில் தண்ணீர் ஓடும்போது மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், முழங்கால் ஆழமே சின்னப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும். தாவரவியல் பூங்காவுக்குக் காலையில் போகலாம். அங்கே குரங்குக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் புட்டியைப் பைக்குள் வையுங்கள், பையின் ஜிப்பையும் இழுத்து மூடுங்கள்; அங்கே உள்ள குரங்குகளுக்கு எது பால் புட்டி என்று நன்றாகத் தெரியும்.